தாவரக் கழிவால் சாயநீரைத் தெளிவாக்குதல்: அறிகுறிகளிலிருந்து பிழைகளைக் கண்டறியும் வழிமுறை

உமி, மரத்தூள், தென்னை நார்க்கழிவு, நிலக்கடலை ஓடு, கரும்புச் சக்கை, தேயிலைச் சக்கை, பழத்தோல் போன்றவற்றைக் கழுவி, உலர்த்தி, பொடித்துச் சாயம் கலந்த நீரில் இட்டுக் கலக்கினால், சாய மூலக்கூறுகள் நீரை விட்டு அந்தத் துகள்களின் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. இதற்குப் பரப்புக் கவர்தல் என்று பெயர். சாயத்தை ஒட்டவைத்துக்கொள்ளும் பொருளைக் கீழே சுருக்கமாகக் கவர்பொருள் என்று குறிப்பிடுகிறேன். முறை எளியதுதான். ஆனால் அது பொய்க்கும்போது காரணத்தைக் கண்டுபிடிப்பது எளிதல்ல, ஏனெனில் வெவ்வேறு பிழைகள் ஒரே முகத்தைக் காட்டுகின்றன. நீர் தெளியாமல் போவதற்குத் துகளின் மின்னூட்டமும் காரணமாக இருக்கலாம், நீரிலுள்ள உப்பும் காரணமாக இருக்கலாம், அளவிடும் கருவியும் காரணமாக இருக்கலாம். அதேபோல் நீர் தெளிந்துவிட்டது என்பதாலேயே சாயம் நீக்கப்பட்டுவிட்டது என்றும் கொள்ள முடியாது.

எந்த அறிகுறியைக் கண்டாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "நிறம் எங்கே போனது?" என்பதே. அதற்கு விடை சொல்ல ஒவ்வொரு சோதனையிலும் மூன்று குடுவைகள் வேண்டும். முதல் குடுவையில் சாயக் கரைசலும் கவர்பொருளும் இருக்கும். இரண்டாவதில் கவர்பொருள் இல்லாமல் சாயக் கரைசல் மட்டும் இருக்கும். மூன்றாவதில் சாயம் இல்லாமல் தூய நீரும் கவர்பொருளும் இருக்கும். மூன்றையும் ஒரே பி.எச். அளவில், ஒரே நேரம் கலக்கி, ஒரே விதமாகப் பிரித்து அளக்க வேண்டும். கீழே சொல்லப்போகும் பிழைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை இரண்டாம், மூன்றாம் குடுவைகளே காட்டிக்கொடுத்துவிடும். இவற்றை வைக்காமல் செய்த சோதனையின் முடிவை நான் நம்புவதில்லை.

அறிகுறி: சாய நிறம் போய், நீர் தேநீர் போலப் பழுப்பாகிவிட்டது

கழுவாத மரத்தூள், தென்னை நார்க்கழிவு, மரப்பட்டை, தேயிலைச் சக்கை ஆகியவற்றில் இது தவறாமல் நிகழும். டானின்கள் என்னும் துவர்ப்புப் பொருள்கள், மரத்துக்கு உறுதி தரும் லிக்னினின் சிறு துண்டுகள், சர்க்கரைகள், கரையக்கூடிய நிறமிகள் ஆகியவை துகளிலிருந்து நீருக்கு இறங்குகின்றன. சாயம் உள்ளே போகிறது, பழுப்பு வெளியே வருகிறது. மூன்றாம் குடுவையிலும் அதே பழுப்பு தெரிந்தால் காரணம் இதுதான் என்று உறுதி செய்துகொள்ளலாம்.

பலரும் இதைக் கண்ணுக்கு உறுத்தும் குறையாக மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இதைவிடப் பெரிய கேடு, கண்ணுக்குத் தெரியாத கரிமப் பொருள் நீரில் ஏறுவதுதான். சாயத்தால் வந்த வேதி ஆக்சிஜன் தேவையை (நீரிலுள்ள கரிமப் பொருளை வேதி முறையில் ஆக்சிஜனேற்றம் செய்யத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவை) குறைத்துவிட்டு, கவர்பொருளால் அதைவிட அதிகமான தேவையை நீரில் சேர்த்துவிட்டால், நீரைச் சுத்தம் செய்ததாகச் சொல்ல முடியாது. ஆகவே நிறத்தை மட்டும் அளந்து நிறுத்தாமல், சோதனைக்கு முன்னும் பின்னும் வேதி ஆக்சிஜன் தேவையையும் அளந்து பார்க்க வேண்டும்.

நீக்கும் வழி கழுவுதலில்தான் இருக்கிறது. வெந்நீரில் ஊறவைத்து, வடித்து, வடிந்த நீர் நிறமற்று வரும்வரை மீண்டும் மீண்டும் கழுவ வேண்டும். அது போதாவிட்டால் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சில மணி நேரம் ஊறவைத்துக் கழுவலாம். இது டானினையும் மெழுகையும் கரைத்து வெளியேற்றும். உமியில் இதற்குக் கூடுதல் பயனும் உண்டு: உமியின் எடையில் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடு சிலிக்கா ஆகும். வெளிப்புறத்தில் மெழுகோடு சேர்ந்து கவசம் போல் நிற்கும் அந்தச் சிலிக்காவின் ஒரு பகுதியைக் காரம் கரைத்து உள்ளிருக்கும் செல்லுலோஸைத் திறந்துவிடுகிறது. காரத்தில் ஊறவைத்த பின்னர், கழுவிய நீரின் பி.எச். நடுநிலைக்குத் திரும்பும்வரை கழுவியாக வேண்டும். இல்லையேல் அடுத்து வரும் எல்லாச் சோதனைகளிலும் கவர்பொருளே கரைசலின் பி.எச். அளவை உயர்த்திக்கொண்டிருக்கும்.

டானினை வெளியே விடாமல் துகளுக்குள்ளேயே பிணைத்து நிறுத்துவதற்காக ஃபார்மால்டிஹைடைப் பயன்படுத்தும் வழக்கமும் உண்டு. அது வேலை செய்யும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் நீரைத் தூய்மைப்படுத்தும் பணியில், புற்றுநோய் விளைவிக்கும் ஒரு பொருளைக் கொண்டு கவர்பொருளைத் தயாரிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெந்நீரும் காரமும் போதாத கழிவு என்றால், அந்தக் கழிவை விட்டு வேறொன்றைத் தேர்ந்தெடுப்பதோ, அதைக் காற்றில்லாமல் சுட்டுக் கரியாக்கிப் பயன்படுத்துவதோ நல்லது.

அறிகுறி: எவ்வளவு கலக்கினாலும் சாயம் குறையவே இல்லை

இங்கே முதலில் ஐயப்பட வேண்டியது மின்னூட்டத்தை. தாவரத் துகளின் பரப்பில் கார்பாக்சில் தொகுதிகளும் ஃபீனால் வகை ஹைட்ராக்சில் தொகுதிகளும் நிறைந்திருக்கின்றன. நீரின் பி.எச். உயர உயர இவை புரோட்டானை இழந்து எதிர்மின் தன்மை பெறுகின்றன. எனவே மெத்திலீன் நீலம், மாலகைட் பச்சை, கிரிஸ்டல் வயலட் போன்ற நேர்மின் சாயங்கள் தாவரக் கழிவில் எளிதாக ஒட்டுகின்றன. மெத்தில் ஆரஞ்சு, அமிலச் சாயங்கள், துணி இழையோடு வேதிப் பிணைப்பால் சேரும் ரியாக்டிவ் சாயங்கள் ஆகியவை எதிர்மின் சாயங்கள் என்பதால் விலக்கித் தள்ளப்படுகின்றன. மெத்திலீன் நீலத்தை வைத்து ஒரு கழிவைச் சோதித்து, அதில் கண்ட வெற்றியை நம்பி அதே கழிவை ரியாக்டிவ் சாயக் கழிவுநீரில் இறக்குவதுதான் இந்தத் துறையில் நான் மிகுதியாகக் காணும் தவறு.

துகளின் மின்னூட்டம் சுழியாகும் பி.எச். அளவைக் கண்டுபிடிப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. லிட்டருக்கு 0.01 மோல் செறிவுள்ள சோடியம் குளோரைடு கரைசலைப் பல குடுவைகளில் எடுத்துக்கொண்டு, அவற்றின் பி.எச். அளவை 2 முதல் 11 வரை ஒவ்வொன்றாக உயர்த்தி அமைக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரே எடையுள்ள கவர்பொருளை இட்டு, மூடி, 24 மணி நேரம் கலக்கிய பின் பி.எச். அளவை மீண்டும் அளக்க வேண்டும். எந்தத் தொடக்க அளவில் மாற்றமே நிகழவில்லையோ அதுவே சுழி மின்னூட்டப் புள்ளி. சுடாத தாவரக் கழிவுகளில் இது பெரும்பாலும் 4-க்கும் 7-க்கும் இடையில் அமையும். இந்தப் புள்ளிக்கு மேலே நேர்மின் சாயங்களும், கீழே எதிர்மின் சாயங்களும் நன்றாகக் கவரப்படும். ஆகவே எதிர்மின் சாயம் ஒட்டவில்லை என்றால், பி.எச். அளவை 2 அல்லது 3 வரை இறக்கிப் பாருங்கள். சாயம் உடனே குறைந்தால் நோயறிதல் முடிந்தது.

ஆனால் அந்த வழியிலேயே தொட்டியை இயக்கலாம் என்பதல்ல. ரியாக்டிவ் சாயத் தொட்டியின் நீர் பி.எச். 10 அல்லது 11 அளவில் வருகிறது. அதை 2 வரை இறக்க அமிலம், பின்னர் வெளியேற்றுவதற்காக 7-க்கு ஏற்றக் காரம் என்று இரண்டையும் கொட்டினால், கழிவு மலிவாகக் கிடைத்ததன் பயன் அங்கேயே கரைந்துவிடும், நீரில் உப்பும் ஏறிவிடும். அதைவிடக் கவர்பொருளின் பரப்பை மாற்றுவது பொருத்தமானது. செல்லுலோஸின் ஹைட்ராக்சில் தொகுதிகளோடு நான்கிணைய அம்மோனியம் தொகுதிகளை வேதிப் பிணைப்பால் இணைத்தால், துகள் எந்தப் பி.எச். அளவிலும் நேர்மின் தன்மையோடு நிற்கும். சீட்டைல் டிரைமெத்தில் அம்மோனியம் புரோமைடு போன்ற, சோப்பைப் போல் பரப்புகளில் படியும் பரப்புவினைப் பொருளைத் துகள்மேல் பூசுவது இதைவிட எளிய வழி. ஆனால் அது பிணைக்கப்பட்டதல்ல, ஒட்டியிருப்பதுதான். நீர் ஓட ஓடக் கழன்று வெளியேறும், நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சாகவும் ஆகும். சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸில் சூடாக்கும் முறை கார்பாக்சில் தொகுதிகளை மேலும் கூட்டுவதால் நேர்மின் சாயங்களுக்கு மட்டுமே உதவும். எதிர்மின் சாயத்துக்கு இதைச் செய்தால் நிலைமை மேலும் மோசமாகும்.

ஒரு விலக்கையும் சொல்ல வேண்டும். காங்கோ சிவப்பு போன்ற டைரக்ட் சாயங்கள் எதிர்மின் தன்மை உடையவையே. ஆயினும் அவற்றின் நீண்ட, தட்டையான மூலக்கூறுகள் செல்லுலோஸ் இழையோடு நேராகப் படிந்து ஒட்டக்கூடியவை. பருத்தியில் அவை ஏறுவதும் இதனால்தான். இவற்றில் உப்பு பகையாவதில்லை. இரு எதிர்மின்களுக்கு இடையிலான விலக்கலை மறைத்து ஒட்டுதலுக்குத் துணையே செய்கிறது. டிஸ்பர்ஸ், வாட் சாயங்கள் நீரில் கரையாத நுண்துகள்களாக மிதப்பவை. அவற்றுக்குப் படிகாரம் போன்றவற்றால் திரட்டிப் படியவைப்பதே முறை. அங்கே தாவரக் கழிவைத் திருத்திக்கொண்டிருப்பது வீண் உழைப்பு.

அறிகுறி: நீர் தெளிந்துவிட்டது, ஆனால் துகளில் சாயமே தெரியவில்லை

நிறம் எங்கே போனது என்ற கேள்வி மிகக் கூர்மையாக எழும் இடம் இது. சில சாயங்கள் நீரில் இருந்துகொண்டே நிறத்தை இழக்கும். மாலகைட் பச்சை காரத்தன்மை உள்ள நீரில் மெல்ல மெல்ல நிறமற்ற கார்பினால் வடிவத்துக்கு மாறுகிறது. கிரிஸ்டல் வயலட்டும் சோடியம் ஹைட்ராக்சைடில் அவ்வாறே வெளிறுகிறது. காரத்தால் கழுவிய உமியைச் சரியாக அலசாமல் இந்தச் சாயங்களில் இட்டால், உமி விட்ட காரமே நிறத்தைப் போக்கிவிடும். அதைக் கவர்தல் என்று எழுதிவைத்தால் அறிக்கையில் 99 விழுக்காடு வரும், நீரிலோ சாயம் அப்படியே இருக்கும்.

தெளிந்த நீரில் சிறிதளவு எடுத்து, அமிலம் சேர்த்துத் தொடக்கக் கரைசலின் பி.எச். அளவுக்குக் கொண்டுவந்து சில மணி நேரம் வையுங்கள். நிறம் திரும்பினால் சாயம் நீரில்தான் இருந்தது. இன்னொரு சோதனை, கவர்பொருளை வடித்து எடுத்து எத்தனாலிலோ, அமிலம் கலந்த எத்தனாலிலோ கலக்கிப் பார்ப்பது. ஒட்டியிருந்த சாயத்தில் ஒரு பங்காவது இறங்கிவர வேண்டும். முழுவதும் இறங்காமல் போவது இயல்பே, சற்றும் இறங்காமல் போவதுதான் ஐயத்துக்குரியது.

காங்கோ சிவப்பு பி.எச். 3-க்குக் கீழே நீலமாகிறது, மூலக்கூறுகள் திரண்டு படியவும் தொடங்குகின்றன. சிவப்பு வடிவம் ஒளியை உட்கவரும் அலைநீளத்தில் அளந்தால் சாயம் மறைந்தது போல் தோன்றும். மெத்தில் ஆரஞ்சு பி.எச். 3.1-க்கும் 4.4-க்கும் இடையில் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறுகிறது. பி.எச். மாற்றி மாற்றிச் செய்யும் சோதனையில், பிரித்தெடுத்த ஒவ்வொரு மாதிரியையும் ஒரே பி.எச். அளவுக்குக் கொண்டுவந்த பிறகே அளக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

நாட்கணக்கில் நீளும் சோதனைகளில் நுண்ணுயிர்கள் குறுக்கிடும். காற்று குறைந்த நீரில் அவை அசோ சாயங்களின் இரட்டை நைட்ரஜன் பிணைப்பை உடைக்கின்றன. நிறம் போகும், அதன் இடத்தில் நிறமற்ற அரோமாட்டிக் அமீன்கள் நிற்கும். அவற்றுள் சில, மூலச் சாயத்தைவிடக் கொடியவை. குடுவையைத் திறக்கும்போது புளித்த வாடை வந்தால் அந்த முடிவை ஏற்காமல் சோதனையைப் புதிதாகத் தொடங்குங்கள்.

அறிகுறி: ஒரே மாதிரியை மூன்று முறை அளந்தால் மூன்று விடை வருகிறது

பெரும்பாலும் வடிதாள்தான் காரணம். வடிதாளும் செல்லுலோஸ்தான், ஆகவே மெத்திலீன் நீலத்தை அது ஆவலோடு பிடித்துக்கொள்ளும். கவர்பொருள் செய்யாத வேலையை வடிதாள் செய்துவிட்டு, பெயரைக் கவர்பொருளுக்குக் கொடுத்துவிடும். இரண்டாம் குடுவையின் கரைசலை வடித்தும் வடிக்காமலும் அளந்து பாருங்கள். இரண்டும் வேறுபட்டால் வடிதாளை விட்டு, வேகமாகச் சுழற்றித் துகளைப் படியவைக்கும் மையவிலக்குக் கருவிக்கு மாறுங்கள். கண்ணாடிச் சுவரிலும் நேர்மின் சாயங்கள் ஓரளவு ஒட்டும். செறிவு குறைவாக இருக்கும்போது இந்த இழப்பு பெரிதாகத் தெரியும்.

நுண்தூள் மிதந்தால் அது ஒளியைச் சிதறடித்து, சாயம் இருப்பதைவிட அதிகம் என்று காட்டும். மெத்திலீன் நீலத்தை 664 நானோமீட்டர் அலைநீளத்தில் அளந்த கையோடு, அது ஒளியை ஏறத்தாழ உட்கவராத 800 நானோமீட்டரிலும் அளந்துவிடுங்கள். அங்கே கணிசமான அளவு தெரிந்தால் அது கலங்கலின் அளவு. அப்போது மீண்டும் மையவிலக்கம் செய்ய வேண்டும்.

செறிவான கரைசலை நீர்க்காமல் அளப்பதும் ஒரு காரணம். ஒரு சென்டிமீட்டர் கலத்தில் மெத்திலீன் நீலம் லிட்டருக்கு 5 மில்லிகிராம் அளவிலேயே ஏறத்தாழ 1 என்ற ஒளி உட்கவர்வை எட்டிவிடுகிறது. அதற்கு மேல், செறிவுக்கும் உட்கவர்வுக்கும் இடையிலான நேர்கோடு வளையத் தொடங்குகிறது. அதோடு மூலக்கூறுகள் இரண்டிரண்டாகச் சேர்வதால் நிறமாலையில் 610 நானோமீட்டர் அருகில் உள்ள தோள் உயர்ந்து 664-இல் உள்ள முகடு தாழ்கிறது. மேலும், புட்டியில் இருப்பது நீரற்ற சாயமா, மூன்று நீர் மூலக்கூறு கொண்ட படிகமா என்று சிட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள். மோலார் நிறை முதலதில் 319.9, இரண்டாவதில் 373.9. கவனிக்காமல் எடையிட்டால் தொடக்கத்திலேயே 14 விழுக்காடு பிழை புகுந்துவிடும். ஆலைகளில் பயன்படுத்தும் சாயப்பொடிகளில் உப்பும் பிற சேர்மானங்களும் கலந்திருப்பதால் அங்கே இந்தப் பிழை இன்னும் கூடும்.

அறிகுறி: முதல் பத்து நிமிடத்தில் விரைவாகக் குறைந்து, பிறகு நகரவே இல்லை

இது எப்போதும் பிழையாகாது. வெளிப்பரப்பு முதலில் நிறைகிறது, பிறகு சாயம் துளைகளுக்குள் மெல்ல ஊர்கிறது. சமநிலையை எட்டச் சில மணி நேரம் ஆகலாம். நேரத்தைக் கூட்டினால் குறைகிறதா, கலக்கும் வேகத்தைக் கூட்டினால் குறைகிறதா, நுண்ணிய துகளை இட்டால் குறைகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வேகம் மட்டும் பலன் தந்தால் துகளைச் சுற்றியுள்ள நீர்ப்படலம் தடை. துகளின் அளவு பலன் தந்தால் உட்துளை தடை. எதுவும் பலன் தராவிட்டால் சமநிலை வந்துவிட்டது, அதற்கு மேல் கவர்பொருளின் அளவைத்தான் கூட்ட வேண்டும். துகளை 0.15 மில்லிமீட்டருக்கும் கீழே அரைப்பதால் விரைவு கிடைக்கும், ஆனால் படியாத கலங்கலும் கூடவே வரும்.

அறிகுறி: குடுவையில் 98 விழுக்காடு, தொட்டியில் பாதி

இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இங்கே பிழை கழிவில் இல்லை, கணக்கில் இருக்கிறது. ஒரு கிராம் கவர்பொருள் பிடித்துக்கொள்ளும் சாயத்தின் அளவை, தொடக்கச் செறிவுக்கும் இறுதிச் செறிவுக்கும் உள்ள வேறுபாட்டைக் கரைசலின் கன அளவால் பெருக்கி, கவர்பொருளின் எடையால் வகுத்துப் பெறுகிறோம். இந்த அளவு நிலையான எண் அன்று. நீரில் எஞ்சியிருக்கும் சாயத்தின் செறிவைப் பொறுத்து அது மாறுகிறது. 1918-இல் வேதியியலாளர் லாங்மியூர் தந்த சமன்பாடு இதைத்தான் சொல்கிறது. ஆயினும் அந்தச் சமன்பாட்டிலிருந்து கிடைக்கும் உச்சக் கொள்ளளவை (எல்லா இடமும் நிறைந்தால் ஒரு கிராம் பிடிக்கும் அளவை) மட்டும் எடுத்துக்கொண்டு தொட்டிக்குக் கணக்குப் போடுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு கவர்பொருளின் உச்சக் கொள்ளளவு கிராமுக்கு 100 மில்லிகிராம், சாயத்தை அது எவ்வளவு உறுதியாகப் பிடிக்கிறது என்று காட்டும் லாங்மியூர் மாறிலி மில்லிகிராமுக்கு 0.05 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1000 லிட்டர் நீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் சாயம் இருக்கிறது, அதை 1 மில்லிகிராமாகக் குறைக்க வேண்டும். நீக்க வேண்டிய சாயம் 49 கிராம். உச்சக் கொள்ளளவால் வகுத்தால் 0.49 கிலோ கவர்பொருள் போதும் என்று விடை வரும். ஆனால் நீரில் 1 மில்லிகிராம் மட்டுமே எஞ்சியிருக்கும் நிலையில் இந்தக் கவர்பொருள் கிராமுக்கு 4.76 மில்லிகிராம்தான் (100 × 0.05 × 1 ÷ (1 + 0.05 × 1)) பிடித்திருக்க முடியும். ஆகவே உண்மையான தேவை 10.3 கிலோ. 0.49 கிலோவை மட்டும் இட்டால் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 23.5 மில்லிகிராம் எஞ்சி நிற்கும், அதாவது பாதிக்குச் சற்று மேல் நீங்கும், அவ்வளவே. குடுவையில் 100 மில்லிலிட்டருக்கு ஒரு கிராம் இட்டு 98 விழுக்காடு பெற்றவர், தாம் இட்டது 1000 லிட்டருக்கு 10 கிலோ என்னும் விகிதம் என்பதைக் கவனிக்காமல் விட்டதே இந்த ஏமாற்றத்துக்குக் காரணம்.

இந்தப் பிழையை நீக்கும் வழியும் அதே சமன்பாட்டில் இருக்கிறது. 10.3 கிலோவையும் ஒரே முறை கொட்டாமல் இரண்டு நிலைகளாகப் பிரியுங்கள். முதல் நிலையில் 50-இலிருந்து 10 மில்லிகிராமுக்குக் குறைக்க, கிராமுக்கு 33.3 மில்லிகிராம் வீதம் 1.2 கிலோ போதும். அந்தத் துகளை வடித்துவிட்டு, 10-இலிருந்து 1-க்குக் குறைக்கப் புதிய கவர்பொருள் 1.9 கிலோ வேண்டும். மொத்தம் 3.1 கிலோதான். இன்னும் ஒரு படி மேலே சென்று, இரண்டாம் நிலையில் பயன்பட்ட துகளை எறியாமல் அடுத்த தொகுதி நீரின் முதல் நிலைக்குக் கொண்டுபோனால், ஒவ்வொரு 1000 லிட்டருக்கும் தேவைப்படும் புதிய கவர்பொருள் ஏறத்தாழ 1.6 கிலோவாகக் குறைந்துவிடும். கழிவும் அதேதான், சாயமும் அதேதான். பயன்படுத்தும் வரிசையை மாற்றியதால் மட்டுமே ஆறில் ஒரு பங்கு போதுமானதாகிறது. மலிவான கழிவுதானே என்று எண்ணி அள்ளிக் கொட்டுவோருக்கு நான் இதை வலியுறுத்திச் சொல்வதன் காரணம், இட்ட ஒவ்வொரு கிலோவும் கடைசியில் சாயம் ஏறிய கழிவாக நம்மிடமே திரும்புகிறது என்பதுதான்.

நீக்க விழுக்காட்டையும் கொள்ளளவையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளவும் கூடாது. கவர்பொருளின் அளவைக் கூட்டினால் விழுக்காடு ஏறும், ஒவ்வொரு கிராமும் பிடிக்கும் அளவு இறங்கும். வினைவேகத்துக்காக நேரத்தைக் கவர்ந்த அளவால் வகுத்து, அதை நேரத்துக்கு எதிராக வரையும் போலி இரண்டாம் வகைக் கோடு பெரும்பாலும் அழகான நேர்கோடாகவே வரும். இரு அச்சுகளிலும் நேரமே இருப்பதால் வரும் அழகு அது. புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஒட்டுறவு எண் 0.999 என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாமல், நேர்கோடாக்காத சமன்பாட்டையே தரவோடு பொருத்திப் பாருங்கள்.

அறிகுறி: தூய சாயக் கரைசலில் வெற்றி, ஆலைக் கழிவுநீரில் தோல்வி

ஆலை நீரில் சாயத்தோடு உப்பு, சோடா, சோப்பு, பசை, கடினநீரைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் எல்லாம் இருக்கின்றன. ரியாக்டிவ் சாயத் தொட்டியில் லிட்டருக்கு 50 கிராமுக்கும் மேலே உப்பு இருப்பது வழக்கம். நேர்மின் சாயம் ஒட்ட வேண்டிய இடங்களைச் சோடியமும் கால்சியமும் பிடித்துக்கொள்கின்றன. நான்கிணைய அம்மோனியம் ஏற்றிய கவர்பொருளிலோ குளோரைடும் சல்பேட்டும் போட்டியிடுகின்றன. எது தடை என்று அறிய, தூய சாயக் கரைசலில் உப்பை மட்டும் சேர்த்து ஒரு முறை, பரப்புவினைப் பொருளை மட்டும் சேர்த்து ஒரு முறை, பி.எச். அளவை மட்டும் உயர்த்தி ஒரு முறை சோதியுங்கள். உப்புதான் தடை என்றால், செறிந்த சாயத் தொட்டி நீரையும் உப்பு குறைந்த அலசல் நீரையும் கலக்காமல் தனித்தனியே சேகரித்து, அலசல் நீருக்கு மட்டும் தாவரக் கழிவைப் பயன்படுத்துவது நான் சொல்லக்கூடிய நேர்மையான வழி. எல்லா நீருக்கும் இந்த ஒரே முறை போதும் என்று சொல்வது இந்த முறைக்கே தீங்கு செய்வதாகும்.

பல சாயங்கள் கலந்த நீரை ஒரே அலைநீளத்தில் அளப்பதும் தவறான விடை தரும். ஒன்று குறைய மற்றொன்று அப்படியே நிற்கலாம். 400 முதல் 700 நானோமீட்டர் வரை முழு நிறமாலையையும் எடுத்து ஒப்பிடுங்கள்.

அறிகுறி: குழாய்ப் படுகையில் நீர் இறங்கவில்லை, அல்லது சாயம் உடனே கசிகிறது

கவர்பொருளைக் குழாயில் படுகையாக அடைத்து அதன் ஊடே நீரை விடும்போது, நீர் இறங்காமைக்குக் காரணம் நுண்தூளும் வீக்கமும். தென்னை நார்க்கழிவு நீரை உறிஞ்சிப் பெருகும். உலர்ந்த நிலையில் அடைத்துவிட்டு நீரை விட்டால் தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும். ஒரு நாள் ஊறவைத்து, மிதக்கும் தூளை வடித்துவிட்டு, பாதி நீர் நிறைந்த குழாயில் குழம்பாக ஊற்றிப் படியவிடுங்கள். 0.5 முதல் 1 மில்லிமீட்டர் வரையுள்ள துகள்களைச் சலித்தெடுங்கள். மென்மையான கழிவானால் கழுவிய மணலைக் கலந்து அடையுங்கள்.

சாயம் உடனே கசிந்தால், நீர் படுகையைத் தொடாமல் குறுக்குவழி கண்டுவிட்டதா என்று பாருங்கள். ஒளி புகும் குழாயில் நிற முகப்பு சமமாக இறங்காமல் ஒரு பக்கமாக நாக்கு நீட்டினால் அது குறுக்குவழிதான். குழாயின் விட்டம் துகளின் விட்டத்தைப் போல் குறைந்தது 10 மடங்கு, இயன்றால் 20 மடங்கு இருக்க வேண்டும். நீரைக் கீழிருந்து மேலாகச் செலுத்தினால் காற்றுக் குமிழ்கள் வெளியேறும், படுகையும் இறுகாது. முகப்பு சமமாக இறங்கியும் விரைவில் கசிந்தால், நீர் படுகையில் தங்கும் நேரம் போதவில்லை. ஓட்டத்தைப் பாதியாக்குங்கள், அல்லது இரண்டு குழாய்களைத் தொடராக இணையுங்கள்.

அறிகுறி: மீட்டெடுத்த கவர்பொருள் இரண்டாம் முறை வேலை செய்யவில்லை

நேர்மின் சாயத்தை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் இறக்கிய பிறகு, துகளில் புரோட்டான்கள் நிறைந்திருக்கும். நடுநிலை வரும்வரை அலசாமல் மீண்டும் பயன்படுத்தினால் கவர்தல் குறையும். எதிர்மின் சாயத்தைக் காரத்தால் இறக்கும்போது லிக்னின் கரைந்து துகளே மெலிகிறது. மீட்புக்கு முன்னும் பின்னும் உலர் எடையை அளந்தால் இந்த இழப்பு தெரியும். கழுவிய நீரில் செறிந்த சாயம் சேர்ந்திருக்கிறது என்பதையும் மறக்கலாகாது. அதற்கு ஒரு வழி வைத்திருக்காதவர் மீட்டெடுக்கத் தொடங்கவே கூடாது. விலைமதிப்புள்ள கரிக்கு மீட்பு பொருந்தும். கழுவி உலர்த்திய சக்கைக்கு அது பெரும்பாலும் பொருந்தாது என்பதே என் கருத்து.

அறிகுறி: பயன்படுத்திய சக்கை நாறுகிறது, மழை பெய்தால் நிறநீர் ஒழுகுகிறது

ஈரத்தோடு குவித்து வைத்ததால் வரும் கோளாறு இது. பரப்பில் ஒட்டிய சாயம் மின்னூட்டத்தாலும் பலவீனமான விசைகளாலும் நிற்பதால், நீரின் பி.எச். அளவோ உப்போ மாறினால் அது மீண்டும் இறங்கும். குவியலின் உட்புறத்தில் காற்று இல்லாததால் அசோ சாயங்கள் அங்கே அமீன்களாக உடையும். காங்கோ சிவப்பிலிருந்து இவ்வாறு விடுபடுவது பென்சிடின், அது மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது. எனவே சாயம் ஏறிய சக்கையை எருவாக்குவதோ, வயலில் பரப்புவதோ, கால்நடைக்குப் படுக்கையாக இடுவதோ அறவே கூடாது.

வடிந்த உடனே நீரைப் பிழிந்து, கூரையின் கீழ், நீர் ஊடுருவாத தளத்தில் மெல்லிய அடுக்காக உலர்த்துங்கள். ஒழுகும் நீரைச் சேகரித்து மீண்டும் முதல் தொட்டிக்கே திருப்புங்கள். உலர்ந்த சக்கையைப் புகையைக் கழுவும் அமைப்புள்ள உயர்வெப்ப உலையில் எரிப்பது ஏற்கத்தக்க முடிவு. திறந்தவெளியில் எரிப்பது நீரிலிருந்த கேட்டைக் காற்றுக்கு மாற்றுவதாகவே முடியும். குரோமியம், செம்பு, கோபால்ட் ஆகியவற்றைக் கொண்ட உலோகச் சாயங்களைப் பிடித்த சக்கையானால், எரித்த பிறகும் உலோகம் சாம்பலில் தங்கியிருக்கும். அந்தச் சாம்பலை அபாயகரமான கழிவாகவே கணக்கிட்டு, அதற்குரிய பாதுகாப்பான இடத்தில் சேர்க்க வேண்டும். எந்தத் தொகுதிச் சக்கை எந்தச் சாயத்தைப் பிடித்தது, எவ்வளவு பிடித்தது என்பதை முதல் நாளிலிருந்தே எழுதி வைத்திருந்தால்தான் இதைப் பிரித்தறிய முடியும்.